ஒரு மணிக்கு ஒரு நாள்

“ஒன்பது நாள்! ஒன்பதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது!”

காலை ஆறேகாலுக்கு இந்தக் கர்ஜனை கேட்டு, மாடிவீட்டுத் தையற்கார அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டு நிமிஷம் சார்தான் என்று தெரிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டார். கீழ்வீட்டில் சத்தம் கேட்காத நாளில்தான் அவருக்குக் கவலை வரும்.

நிமிஷம் சாருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. வாசல் கேட்டை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று பச்சை மைப் பேனாவால் குறித்துக் கையெழுத்துப் போடுவார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான். “ஒரு நிமிஷம் சார்” என்று எந்த டிரைவராவது கெஞ்சினால், “எந்த நிமிஷம்? யார் வீட்டு நிமிஷம்?” என்று எழுந்து நிற்பார். அப்படி வந்த பெயர்.

மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். இவர் கோபத்திலேயே குடியிருந்தார். சாப்பிட, தூங்க மட்டும் வெளியே வருவார்.

இன்றைய கோபத்துக்குக் காரணம் அவருடைய மைத்துனியின் முழங்கால்.

மனைவியின் ஒரே அக்கா, கடல் தாண்டி, கண்டம் தாண்டி, உலகப் படத்தின் இன்னொரு ஓரத்தில் இருந்த ஒரு நகரத்தில் மகனோடு வசித்தாள். மகனுக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கரை, ஆறு மாதம் தண்ணீர். இப்போது தண்ணீர். அக்காவுக்கு வரும் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, முழங்காலில் ஆபரேஷன். ஆறு வாரம் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை மனைவி நேற்று மாலை காபியோடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஆறு வாரம் போய் இருந்துட்டு வரேங்க. விசா வந்தாச்சு.”

காபி பாதியில் நின்றது. ஆறு வாரம்! நாற்பத்திரண்டு நாள்! காலை ஐந்து பத்துக்கு அவரை எழுப்புவது யார்? ஊருக்கெல்லாம் நேரம் சொல்லும் மனிதர், அலாரத்துக்கு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அலாரம் அடித்தால் அதைத் திட்டிவிட்டுத் தூங்குவார். மனைவி ஒருத்திதான் திட்டு வாங்கிக்கொண்டும் நகராமல் நிற்கும் கடிகாரம். ஆனால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அவர் சட்டத்தைக் கையில் எடுத்தார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம், மனைவி அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டாள் என்ற கடுப்பில் அவர் எழுதியது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரு நாள் தங்கல். முழு மணி ஆனால்தான் ஒரு நாள். மிச்ச நிமிஷங்களுக்குப் பலன் கிடையாது. டிப்போவில் தூரப் பயணம் போகும் டிரைவருக்கு அதிக ஓய்வு, கிட்டத்தில் போகிறவருக்குக் குறைந்த ஓய்வு என்பது விதி. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்து, பச்சை மையில் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அம்மா வீடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இரண்டு நாள். இருபத்து நாலு வருஷமாக அந்தச் சட்டத்தில் ஓட்டை விழவில்லை.

“நேர் விமானம் பதினோரு மணி இருபது நிமிஷமாம்” என்றாள் மனைவி. தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல்.

“யார் சொன்னது?”

“விமானக் கம்பெனிக்காரங்களே போட்டிருக்காங்க.”

“அவன் ஆயிரம் போடுவான்! லேட்டா வந்தா மாட்டிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே நேரத்தை ஊதி வைப்பான். எங்க டிப்போவுல அப்படி ஊதினவங்களை எல்லாம் நான் ஊதித் தள்ளியிருக்கேன். படத்தை எடு!”

உலகப் படம் பரணிலிருந்து இறங்கியது. ஓரத்தில் எலி கடித்து இரண்டு தீவுகள் காணாமல் போயிருந்தன. தையற்கார அம்மாவிடம் நூல் கடன் வாங்கப்பட்டது. இந்த விமான நிலையத்தில் ஒரு முனையை மனைவி கட்டை விரலால் அழுத்திக்கொள்ள, அந்த விமான நிலையம் வரை அவர் நூலை இழுத்துப் பிடித்தார். வீணை நரம்பு மாதிரி விறைத்து நின்றது நூல்.

“எட்டாயிரத்து அறுநூத்து நாற்பது கிலோமீட்டர்!”

“பூமி உருண்டைங்கறாங்களே, அப்போ நூல் வளையணுமில்லே?”

“பூமி உருண்டையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். விமானம் நேராத்தானே போகுது? வேகம் தொள்ளாயிரம். எட்டாயிரத்து அறுநூத்து நாற்பதைத் தொள்ளாயிரத்தால வகுத்தா…” பச்சை மை சீறியது. “ஒன்பது மணி முப்பத்தாறு நிமிஷம். முப்பத்தாறைத் தள்ளு. ஒன்பது நாள்!”

“மேல ஏறறதுக்கு முன்னாடி ரொம்ப தூரம் தரையில ஓடுமாமே?”

“தரையில ஓடினா அது பஸ். கணக்குல வராது.”

மனைவி நூலைச் சுற்றி வைத்தாள். பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அக்கா வீட்டுக்காரர் போனப்போ அவ இருந்த ஊர் பஸ்ல ரெண்டு மணி நேரம். ரெண்டு நாள் குடுத்தீங்க. மூணாவது நாள் காலையில நான் பஸ் ஸ்டாண்டுல நின்னேன். வழியனுப்ப அவதான் வந்தா. புருஷன் செத்த மூணாம் நாள், பஸ் திரும்பற வரைக்கும் எனக்குக் கையாட்டிக்கிட்டு நின்னா.”

நிமிஷம் சாருக்கு முகம் ஒரு கணம் எங்கேயோ போயிற்று. அதைத் தேடிப் பிடித்து மறுபடியும் கோபத்தில் உட்கார வைத்தார்.

“அன்னிக்கு அந்த பஸ் ரெண்டு மணி அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிச்சு. அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா? சட்டம்னா சட்டம்!”

“சட்டம் மாறாதே?”

“மாறாது!”

“மணி குறைஞ்சா நாள் குறையும், கூடினா நாளும் கூடும். அப்படித்தானே?”

“அப்படித்தான்! கடவுளே வந்து கேட்டாலும் அப்படித்தான்!”

“சரிங்க.”

அந்த “சரிங்க”வை அவர் கவனித்திருக்க வேண்டும். திட்டி முடித்த பிறகும் எதிராளி பேசிக்கொண்டே இருந்தால் ஜெயித்துவிட்டோம் என்று நம்பலாம். “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டால், எதற்கும் ஒருமுறை வாசற்கதவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் மணி ஆறு நாற்பது. அவர் ஓடினார்.

சனிக்கிழமை மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்கே?”

“டிராவல்ஸ் ஆபீசுக்கு. டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன். நீங்க வர வேண்டாங்க. மத்தியானம் டூட்டி இருக்கு, படுத்துக்கங்க. அவங்க போட்டுக் குடுக்கிற நேரத்தை அப்படியே வாங்கிக்கிறேன். அவங்களுக்குத் தெரியாத நேரமா?”

நிமிஷம் சார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

“அவங்களுக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல தட்டினா வர்றதெல்லாம் நேரமா? இரு, நான் வரேன்! நேர் விமானத்துல ஒன்பது மணி நேரத்துக்கு நான் வாங்கிக் காட்டறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்றபடி அவருடைய செருப்பையும் எடுத்து முன்னால் வைத்தாள். சட்டைப் பையில் பச்சைப் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

டிராவல்ஸ் ஆபீஸ் கடைத்தெரு முனையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு இருந்தது. மேஜைமேல் ஒற்றைக் கால் கம்பியில் ஒரு பொம்மை விமானம். அதன் இறக்கை ஒன்றை யாரோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பின்சுவரில் வரிசையாக நாலு கடிகாரங்கள். நாலிலும் நாலு நேரம்.

வணக்கம் சொல்வதற்கு முன்பே நிமிஷம் சாருக்கு ஏறிவிட்டது.

“என்னய்யா இது? நாலு கடிகாரம், நாலு நேரம்? எங்க டிப்போவுல இப்படி மாட்டினா மாட்டினவனை மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்புவேன்!”

டிராவல்ஸ்காரர் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை மேஜையில் தேடுகிற ரகம். “அது வேற வேற நாட்டு நேரம் சார். இதோ, கடைசியில இருக்கறது அம்மா போற ஊரு. நம்மைவிட அஞ்சு மணி நேரம் பின்னாடி.”

“நாங்க எழுந்து குளிச்சுச் சாப்பிட்டு வேலைக்குப் போறப்போ அங்கே தூங்கிக்கிட்டு இருக்கானா? பொறுப்பில்லாத ஊரு! சரி, இந்த ரெண்டாவது கடிகாரம் எந்த நாடு? வந்ததிலேர்ந்து பாக்கறேன், அசையவே இல்லை?”

“அது… பேட்டரி போயிடுச்சு சார்.”

அந்த விநாடியோடு நிமிஷம் சாரின் கோபம் மனைவியை விட்டு இறங்கி டிராவல்ஸ்காரர்மேல் ஏறி உட்கார்ந்தது. மனைவி நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விட்டாள்.

“நேர் விமானம் ஞாயிறும் புதனும் சார். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி போறது எல்லாமே நிறைஞ்சிருக்கு” என்றார் டிராவல்ஸ்காரர். “வழியில ஓர் ஊர்ல இறங்கி மாறணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினா, அஞ்சரை மணி நேரத்துல அந்த ஊரு. அங்கேருந்து அடுத்த விமானம் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். நடுவுல மாற ஐம்பத்தஞ்சு நிமிஷம். மொத்தம் பத்தொன்பது மணி பத்து நிமிஷம்.”

மனைவி கவலையாகக் கேட்டாள்: “ஐம்பத்தஞ்சு நிமிஷம் போதுங்களா? அவ்வளவு பெரிய ஏர்போர்ட்டுல?”

“தாராளமாப் போதும்மா. எல்லாரும் மாறிட்டுத்தான் போறாங்க.”

“போதுமா?” நிமிஷம் சார் மேஜையைத் தட்டினார். பொம்மை விமானம் கம்பியோடு சேர்ந்து ஆடியது. “யாருய்யா போதும்னு சொன்னது? அஞ்சரை மணி நேரம் ஓடற வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து நிக்குமா? என் சர்வீஸ்ல பார்த்ததில்லை! நாற்பது நிமிஷம் லேட்டா வந்துச்சுன்னு வெச்சுக்கோ. மிச்சம் பதினஞ்சு நிமிஷம். இவ பைக்குள்ள கண்ணாடியைத் தேடவே பதினஞ்சு நிமிஷம் ஆகும்! இந்த அட்டவணையை எழுதினவன் என் எதிர்ல நிக்கணும், அவனை நான்…”

“விடுங்க. அவங்க சொல்றதையே வாங்கிக்கலாம்” என்றாள் மனைவி மெதுவாக. “பத்தொன்பது மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடலாமே.”

“நீ சும்மா இரு! உனக்கு நேரத்தைப் பத்தி என்ன தெரியும்? அடுத்தது காட்டுய்யா!”

அந்த நேரத்தில் அவர் கணவராக இல்லை. பீரோக் கதவும் அதில் ஒட்டியிருந்த சட்டமும் அவர் நினைவில் இருந்து வெளியேறி, எங்கோ ஒரு ஷெட்டில் போய் நின்றுவிட்டன. கூண்டுக்குள் உட்கார்ந்த டைம்கீப்பர் மட்டும் விழித்திருந்தார்.

டிராவல்ஸ்காரர் வேறொரு தாளை அச்சடித்து நீட்டினார். “இதுல மாற நாலு மணி அஞ்சு நிமிஷம் இருக்கு சார். மொத்தம் இருபத்திரண்டு மணி இருபது நிமிஷம். ஆனா விமானம் வேற கட்டடத்துலேர்ந்து கிளம்பும். ஒண்ணும் பிரச்சினை இல்லை, அங்கே ஓசி பஸ் விடறாங்க.”

“பஸ்ஸா?”

அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதன்முறையாகத் தனக்குத் தெரிந்த ஒரு வார்த்தையைக் கேட்ட நிமிஷம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்?”

“அடிக்கடி விடறாங்க சார்.”

“எத்தனை நிமிஷத்துக்கு?”

“அடிக்கடின்னு போட்டிருக்கு சார்.”

“அடிக்கடியா? அடிக்கடின்னா என்னய்யா நேரம்? கடிகாரத்துல அடிக்கடி எந்த இடத்துல இருக்கு, காட்டு! புறப்படற நேரம் இல்லை, சேர்ற நேரம் இல்லை, டிரிப் ஷீட் இல்லை, கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை. அதுக்குப் பேரு பஸ்ஸா? அது சும்மா சுத்தற வண்டி! அதை நம்பி என் பெண்டாட்டியை நான் அனுப்பணுமா?”

பக்கத்துப் பல் மருத்துவரிடம் காத்திருந்த ஒருவர் வீங்கிய கன்னத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு, இதைவிடப் பல்லே தேவலை என்று திரும்பிப் போனார்.

“வேற என்ன சார் பண்றது?” டிராவல்ஸ்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மேஜை இழுப்பறையில் தேடினார். “ஒரே கட்டடத்துலேர்ந்து கிளம்பறதுன்னா முதல்ல காட்டினதேதான். அந்த ஐம்பத்தஞ்சு நிமிஷம்.”

“அங்கேருந்து கிளம்பற அந்த ரெண்டாவது விமானம் மறுநாளும் உண்டில்லே?”

“தினமும் உண்டு சார்.”

“அப்போ மறுநாள் விமானத்துல போடு!”

மனைவி பதறினாள். “ஐயோ, ஒரு நாள் பூரா அங்கேயா உட்கார்ந்திருக்கணும்? வேண்டாங்க. இருபத்துநாலு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷம் நான் என்ன பண்ணுவேன்?”

“உட்காரு! நல்லா உட்காரு! ரெண்டு புஸ்தகம் எடுத்துக்கிட்டுப் போ! முதல் வண்டி ஒரு நாள் லேட்டா வந்தாலும் உனக்கு அடுத்த வண்டி இருக்கு. இதுக்குப் பேருதான் அட்டவணை. போடுய்யா!”

டிராவல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி பொம்மை விமானத்தைப் பார்த்தாள். டிக்கெட் அச்சானது.

நிமிஷம் சார் அதைப் பிடுங்கி, கூண்டுக்குள் டிரிப் ஷீட்டைப் பார்ப்பதுபோலக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். படித்தவர் மறுபடி எழுந்தார்.

“என்னய்யா இது, பறக்கும் நேரம் பதினெட்டே கால் மணின்னு போட்டிருக்கு?”

“ஆமா சார். வானத்துல இருக்கிற நேரம் அவ்வளவுதானே? காத்திருக்கறது கணக்குல வராது.”

“அப்பாடா” என்றாள் மனைவி. “அப்போ பயணம் பதினெட்டு மணி நேரம்தான்னு சொல்லுங்க. உட்கார்ந்திருக்கிற நேரம் பயணமில்லே.”

“யார் சொன்னது?” சுவரில் இருந்த ஓடாத கடிகாரம்கூட அதிர்ந்தது. “நடுவழியில ஸ்டாண்டுல பஸ் நிக்குது. உள்ளே பயணி உட்கார்ந்திருக்கான். அவன் என்ன வீட்டிலயா இருக்கான்? வண்டி நின்னாலும் பயணம் பயணம்தான்! கிளம்பின இடத்துல ஏறினதிலேர்ந்து சேர வேண்டிய இடத்துல கால் வைக்கிற வரைக்கும் எல்லாமே பயண நேரம்! டிரைவருங்க இதுக்காக ஒரு தடவை வேலைநிறுத்தமே பண்ணினாங்க. நான்தான் அவங்க பக்கம் எழுதிக் குடுத்தேன். நீ யாருய்யா இல்லேங்கறதுக்கு?”

பேசிக்கொண்டே பச்சைப் பேனாவை உருவி, ‘பறக்கும் நேரம்’ என்ற வரியின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

மனைவி டிக்கெட்டை எட்டிப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில எட்டு பத்துக்குப் போய்ச் சேர்றேன்னு போட்டிருக்கு. அப்போ மொத்தம்… முப்பத்தெட்டு மணி பத்து நிமிஷம். சரிதானேங்க?”

நிமிஷம் சார் அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபமும் எரிச்சலும் சம அளவில் இருந்தன. கண்ணெதிரே ஒரு நேரக் கணக்குத் தப்பாகப் போனால் அவருக்கு உடம்பு தாங்காது.

“தப்பு! தப்பு! தப்பு! எட்டு பத்துங்கறது அந்தப் பொறுப்பில்லாத ஊரோட நேரம்! அங்கே எட்டு பத்துன்னா இங்கே மணி என்ன? அதோ கடிகாரம் மாட்டியிருக்கான், பாரு! அஞ்சு மணி நேரம் பின்னாடி! இங்கே மத்தியானம் ஒண்ணு பத்து! அஞ்சையும் கூட்டு!”

“கூட்டணுமா? முப்பத்தெட்டே இருக்கட்டுமே. டிக்கெட்டுல அப்படித்தானே…”

“டிக்கெட்டுல இருந்தா? உடம்பு இங்கேருந்து அங்கே போய்ச் சேர நாற்பத்திமூணு மணி பத்து நிமிஷம் ஆகுது! அதுல அஞ்சு மணி நேரத்தை முழுங்கப் பார்க்கறாங்க. எங்கிட்ட நடக்குமா?” அச்சடித்த எழுத்துக்களுக்குக் கீழே பச்சை மையில், கொட்டை எழுத்தில், எழுதினார்: ‘மொத்தப் பயண நேரம் 43 மணி 10 நிமிடம். சரிபார்க்கப்பட்டது.’ கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே தேதி. தேதிக்குப் பக்கத்தில் நேரம்: 12.32.

பன்னிரண்டு முப்பத்திரண்டு! ஒன்றரைக்கு டூட்டி!

“திரும்பி வர்ற டிக்கெட்டு?” என்றார், பாதி எழுந்தபடி.

“அதை நான் பார்த்துக்கறேங்க. உங்களுக்கு நேரமாச்சு. நீங்களே லேட்டாப் போனா டிரைவருங்க சிரிப்பாங்க.”

அந்த ஒரு வார்த்தை போதும். அவர் கடைத்தெருவில் ஓடியதைப் பல்வலிக்காரர் மறுபடியும் பார்த்தார்.

அன்று டிப்போவில் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். அதாவது, ஏழு பேரை மட்டும் திட்டினார். ஒரு கண்டக்டரைக் கூப்பிட்டு, விமானக் கம்பெனிக்காரர்களின் லட்சணத்தையும், அவர்களுடைய அட்டவணையைத் தான் ஒற்றை ஆளாகக் கிழித்துத் திருத்திய விதத்தையும் இருபது நிமிஷம் விவரித்தார். அந்தக் கண்டக்டரின் பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அதற்காகவும் அவரைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது நடுக்கூடத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. பெரியதென்றால், ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம். உள்ளே புடவைகள் நெட்டுக்குத்தலாக, புத்தக அலமாரி மாதிரி அடுக்கியிருந்தன. தையற்கார அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் வேலை முடிந்த மாதிரி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

“ஒன்பது நாளைக்கு இவ்வளவு புடவையா? கடை வைக்கப் போறியா?”

“ஒன்பது இல்லீங்க” என்றாள் மனைவி. “நாற்பத்திமூணு.”

“என்ன நாற்பத்திமூணு?”

“நாள்.”

அவர் சிரித்தார். அபூர்வமான சிரிப்பு. பாதியில் அது நின்றது. பீரோக் கதவு திறந்திருந்தது. பச்சை மைச் சட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை மை டிக்கெட் ஒட்டியிருந்தது. ஒரே கை, ஒரே பேனா, ஒரே கொட்டை எழுத்து. அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் அவரைப் பார்த்தன.

“ஏய்! இது… இது அநியாயம்! மோசடி! நூல் வெச்சு அளந்தோமே? எட்டாயிரத்து அறுநூத்து நாற்பது கிலோமீட்டர்! ஒன்பது மணி நேரம்!”

“அது நீங்க படத்துல பார்த்தது. எலி கடிச்ச படம். இது நீங்க சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது. எது செல்லும்னு நீங்களே சொல்லுங்க.”

“இருபத்துநாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கப் போறே! அது பயணமா?”

“வண்டி நின்னாலும் பயணம் பயணம்தானாம்” என்றார் தையற்கார அம்மா, பொத்தானைப் பார்த்துக்கொண்டே. “டிரைவருங்க வேலைநிறுத்தமெல்லாம் பண்ணியிருக்காங்களாமே?”

“நீங்க பேசாதீங்கம்மா! இது எங்க குடும்ப விஷயம்! அந்த அஞ்சு மணி நேரத்தைக் கழி! அது அந்த ஊர் நேரம்!”

“நானும் அதைத்தானே சொன்னேன்?” மனைவியின் குரலில் அவ்வளவு பணிவு. “முப்பத்தெட்டே இருக்கட்டும்னு கெஞ்சினேன். நீங்கதான் தப்பு தப்புன்னு மூணு தடவை சொன்னீங்க. உங்க கையெழுத்தை நீங்களே தப்புன்னு எழுதிக் குடுங்க, கழிச்சுடலாம். டிப்போவுலயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம், டைம்கீப்பர் நேரம் பார்த்ததுல தப்பாயிடுச்சுன்னு.”

நிமிஷம் சாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டுவிட்டு, சூடுபட்ட மாதிரி திரும்பியது. இருபத்தெட்டு வருஷத்தில் பச்சை மையை அவர் அடித்துத் திருத்தியதே கிடையாது. மற்றவர்கள் திருத்தினால் மெமோ.

முகம் சிவந்தது. காது சிவந்தது. வழுக்கையில் மிச்சமிருந்த பத்து முடியும் விறைத்து நின்றது.

“அப்படியா? அப்போ கேட்டுக்கோ! இந்தச் சட்டமே வேண்டாம்! இந்த நிமிஷத்தோட ரத்து! கிழிச்சு எறி!”

“கிழிச்சுடட்டுமா?” மனைவி ஆவலோடு பீரோவை நோக்கிப் போனாள். நகத்தால் காகிதத்தின் ஒரு மூலையைப் பெயர்த்தும்விட்டாள். “ரொம்ப நல்லதாப் போச்சு. சட்டம் இல்லேன்னா நாள் கணக்கும் இல்லே. அக்காவும் தனியா இருக்கா. எப்போ வரணும்னு தோணுதோ அப்போ வரேன்.”

“நில்லு!”

அவள் நின்றாள்.

“கையை எடு.”

எடுத்தாள். அவரே போய் அந்த மூலையை எச்சில் தொட்டு ஒட்டினார். தையற்கார அம்மா இப்போதுதான் எழுந்து, “பால் வாங்கணும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

கூடத்தில் அவரும் மனைவியும் பெட்டியும். ஏதாவது ஒன்றையாவது ஜெயிக்காமல் அவரால் உட்கார முடியவில்லை.

“சரி. சட்டம் சட்டம்தான். நாற்பத்திமூணு நாள். ஆனா ஒண்ணு. நாற்பத்திமூணாவது நாள் நீ அங்கே விமானம் ஏறியாகணும். நாற்பத்திநாலுங்கற பேச்சே இருக்கக் கூடாது! திரும்பி வர்ற டிக்கெட்டை இப்பவே, என் கண்ணெதிர்லயே போடு! போட்டாத்தான் இந்தப் பெட்டியை மூட விடுவேன்!”

மனைவி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நேர் விமானம். ஞாயிற்றுக்கிழமை. அவர் வழக்கம்போல முதலில் டிக்கெட் போட்ட தேதியைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொருமுறை பார்த்தார். சட்டப் பேச்சு, நூல், உலகப் படம் எல்லாவற்றுக்கும் முந்தின வாரத்துத் தேதி.

“அது போன வாரமே போட்டாச்சுங்க” என்றாள் அவள், பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. “உங்க கோபத்துக்கு நாற்பத்திரண்டு மணி நேரம்தான் தேறும்னு நினைச்சு நாற்பத்திரண்டாம் நாளுக்குப் போட்டேன், ஒரு மணி கூடவே வந்துடுச்சு, அந்த ஒரு நாளை நீங்களே வெச்சுக்கங்க.”